ஒன்றாம் சிலிண்டர்

ஃப்ரே பென்டோஸில் ஜூன் என்றால் குளிர்காலம்.
ஆற்றுப் பனி ஏறி வந்து
தகரக் கொட்டகையில் எங்களோடு குந்திக்கொள்கிறது.
பதினோரு வாரம் சாப்பாட்டு மேசையில் கிடந்த எஞ்சின்
இன்றுதான் காருக்குள் போயிருக்கிறது.
எழுபத்திரண்டாம் வருட ஃபியட் அறுநூறு,
இதயம் முதுகுப் பக்கம் உள்ள பிராணி.

வில்மார் சாவியைத் திருப்புகிறான்.
கர்ர், கர்ர், கர்ர்.
கார்புரேட்டர் வழியாக ஒரு துப்பல்.
என் புருவம் கருகுகிற வாசனை.
புகைக்குழாய் தன் பங்குக்கு ஒரு வெடி போட
அடுத்த வீட்டு நாய் பதில் சொல்கிறது.

பெட்ரோல் வருகிறதா?
வருகிறது.
பொறி?
பிளக்கை இரும்பில் சாய்த்துக் காட்டுகிறேன்,
நீலமாகச் சொடுக்குகிறது.
காற்று?
கதவில்லாத கொட்டகையில் காற்றுக்கா பஞ்சம்.
எல்லாம் இருந்தும் ஓடாததற்கு என்ன பெயர் என்று
நான் கேட்கவில்லை.
அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் இரவு கார்புரேட்டரைக் கழற்றினான், மாட்டினான்.
வால்வு இடைவெளியை மறுபடி அளந்தான்.
பேட்டரிதான் கிழம் என்றான்,
பிறகு பெட்ரோல் கலப்படம் என்றான்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
இங்கே மாத்தே குடிக்கும்போது
சுரைக்குடுவையைத் திருப்பித் தந்து நன்றி சொன்னால்
போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம்.
அன்றைக்கு முதல் குடுவையிலேயே
நன்றி என்றுவிட்டான்.

பகலில் நான் பல் மருத்துவரின் உதவியாள்.
வலிக்கிற பல்லை ஜனங்கள் சரியாகக் காட்டுவதேயில்லை.
கீழ்ப்பல் சொத்தைக்கு மேல்தாடையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் நம்புவோம்.

ஆகவே மூன்றாம் இரவு
ஒன்றாம் பிளக்கைக் கழற்றி
அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
திருப்பு என்றேன்.
சாவியை அல்ல, கப்பியை, ஸ்பானரால், மெல்ல.
அவன் கப்பியில் வைத்த வெள்ளைப் பெயிண்ட் கோடு
குறிக்கு நேராக வந்து நின்றது.
பார், சரியாக இருக்கிறது என்றான்.
என் விரலில் ஒன்றுமில்லை.
இன்னொரு சுற்று என்றேன்.
பாதி வரும்போதே
உள்ளிருந்து யாரோ விரலைத் தள்ளினார்கள்.
அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை,
புஸ்ஸென்று பீறிக்கொண்டு போனது.
கோடு மறுபடி அதே இடத்தில்.

பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு முறை.
ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு,
ஒருமுறை விட்டுவிட்டு.
வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.
நாங்கள் விட்டுவிட்ட மூச்சுக்கு
மூன்று நாளாக நெருப்பு வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன்.
உள்ளே முள் நான்காம் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது,
எந்த வெட்கமும் இல்லாமல்.
ஒன்றை எடுத்து நான்கில்,
நான்கை ஒன்றில்,
இரண்டையும் மூன்றையும் அப்படியே இடம் மாற்றி.
பத்து நொடி வேலை.
அந்தப் பத்து நொடியும் வில்மார்
விளக்கை ஆட்டாமல் பிடித்திருந்தான்.
எல்பியா என்றான்.
பிறகு பேசாமல் போய்
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான்.

கர்—
அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது.
கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, ஆணியில் தொங்கிய
ஸ்பானர்கள் எல்லாம் ஒன்றையொன்று கிள்ளின.
வெள்ளைப் புகை, புது எண்ணெய் வாசம்,
நள்ளிரவு ஒன்றே காலுக்கு
அடுத்த வீட்டு ஜன்னலில் விளக்கு, கெட்ட வார்த்தை, நாய்.

மூன்றாவது வால்வு கொஞ்சம் டிக் டிக்கென்கிறது.
சம்ப்பின் ஓரம் ஒரு துளி
விழவா வேண்டாமா என்று தொங்குகிறது.
மேசை விரிப்பை உதறியபோது
எங்கிருந்து மிஞ்சியதென்றே தெரியாத வாஷர் ஒன்று
உருண்டு அடுப்படிக்குள் போனது.
அதை அவனிடம் நாளைக்குச் சொல்லலாம்.

எஞ்சின் வெதுவெதுப்பில் முதுகைக் காட்டி நிற்கிறோம்.
ஊற்றுகிறேன். குடிக்கிறான், தருகிறான்.
மறுபடி ஊற்றுகிறேன்.
தெர்மாஸ் காலியாகும்வரை
அவன் நன்றி சொல்லவேயில்லை.